கேட்டுச் செய்வதும் கேளாமற் செய்வதும்

(பல்லேகமவில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)

“திறந்த மூல மென்பொருளில் மாற்றஞ் செய்யுமுன் எப்போது அனுமதி கேட்க வேண்டும்?” என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கணினி பயில்வோர்க்கு மாத்திரம் உரிய பேச்சு என்று இங்குள்ள பெரியவர்கள் எண்ணக் கூடும். அவ்வாறன்று. பலர் கூடி ஆக்கிய பொதுப் பொருளொன்றைத் திருத்த விரும்பும் ஒருவன், யாரை, எப்பொழுது, எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதே இதன் சாரம். அது சங்கம் நடத்துவோர்க்கும், குளத்து நீரைப் பங்கிடுவோர்க்கும், கோயிற் காரியம் பார்ப்போர்க்கும் பொதுவான கேள்வியே.

நம் இளைஞரிடம் இவ்விடயத்தில் இருவகைத் தவறுகளைக் காண்கிறேன். ஒருசாரார், எதைத் தொடுவதாயினும் யாரோ ஒருவர் வந்து “செய்” என்று சொல்ல வேண்டுமெனக் காத்திருக்கின்றனர். காத்திருந்தே படிப்பு முடிந்து போகிறது. மற்றொரு சாரார், கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே புகுந்து, வீட்டுக்காரர் அடுக்கி வைத்த பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டு, பாராட்டுக் கிடைக்கவில்லையே என்று வருந்துகின்றனர். முன்னவர் தமக்கு ஏற்கெனவே தரப்பட்ட அனுமதியை அறியாதவர். பின்னவர் தமக்குத் தரப்படாததைத் தரப்பட்டதாக எண்ணியவர். இருசாராரும் தெளிய வேண்டுமாயின், தரப்பட்டது எது, தரப்படாதது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தரப்பட்ட உரிமை

1983 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்திய படியையும் கொடுக்கலாம் என்பன அவ்வியக்கம் வகுத்த நான்கு உரிமைகள். இவற்றைச் சட்டத்தின் மொழியிலே எழுதிய ‘ஜீ.பி.எல்.’ என்னும் உரிமப் பத்திரத்தின் முதற் பதிப்பு 1989 இல் வெளிவந்தது. 1991 இல், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21 ஆவது வயதில் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதனையும் அதே உரிமத்தின்கீழ் வைத்தார். ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் வழக்குக்கு வந்தது 1998 இலேயாம்.

இதனால் விளங்குவது யாது? ஒரு மென்பொருள் இத்தகைய உரிமத்தோடு வெளிவருமாயின், அதனை உமது கணினியிலே இறக்கி, உமக்கு வேண்டியவாறு மாற்றிக்கொள்ள எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆக்கியோர் அந்த அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டு உலகிற்குத் தந்துவிட்டனர். பல்லேகமவில் இருக்கும் ஒரு மாணவனுக்கும் பாரிஸ் நகரத்துப் பொறியியலாளருக்கும் அப்பத்திரம் ஒரே உரிமையையே தருகிறது. தந்த உரிமையை மீண்டும் கேட்டு நிற்பது பணிவாகாது, பத்திரத்தை வாசிக்காமையேயாகும்.

ஆனால், உமது படியிலே செய்த மாற்றத்தை எல்லாரும் பயன்படுத்தும் மூலப்படியிலே சேர்க்க வேண்டுமென்று விரும்பும்போது நிலைமை வேறாகிறது. அங்கே நீர் வேண்டுவது உரிமையன்று, பிறருடைய இசைவு. உரிமத்திலே அந்த இசைவு எழுதப்படவில்லை. அதனைப் பராமரிப்போர் நாளும் உழைத்துக் காப்பவர்கள். நீர் இன்று சேர்த்துவிட்டுப் போவதை நாளை பழுதுபார்ப்பவர்களும் அவர்களே. ஆகையால் அவர்களைக் கேட்டல் முறை.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் திருவிழாவிலே பஞ்சரதங்கள் வீதியுலா வருவதை நாம் அறிவோம். தேர்வடத்தைப் பிடித்து இழுக்க எவரும் எவரிடமும் உத்தரவு பெறுவதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து வடத்தைத் தொட்டால் போதும். ஆயினும், சில்லுக்கு முட்டுக்கட்டை போடும் இடத்திற்கு எவனாவது சடுதியாக ஓடிச் சென்று கட்டையை உருவினால் விடுவார்களா? அங்கே பழகியவர் நிற்கிறார். அவர் சொல்லுக்கே தேர் திரும்பும். வடம் எல்லார்க்கும் உரியது, கட்டை பழகியவர் பொறுப்பு. திறந்த மூலத்தின் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே.

கேளாமற் செய்யத் தக்கவை

எழுத்துப் பிழையைத் திருத்துதல், விளக்கக் குறிப்பிலே விடுபட்டதைச் சேர்த்தல், வெளிப்படையான சிறு வழுவை நீக்குதல் என்பன போன்றவற்றுக்கு முன்னனுமதி வேண்டா. திருத்தத்தைச் செய்து, இன்னது செய்தேன், இன்ன காரணத்தாற் செய்தேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் அதுவே வேண்டுகோளும் ஆகிறது. பராமரிப்பவர் பார்த்து ஏற்பார், அல்லது மறுப்பார். கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்கும் நேரத்தைவிடத் திருத்தும் நேரம் குறைவாயின், திருத்தியே காட்டலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதிலே எவரும் ஒரு கட்டுரையைத் திறந்து திருத்தலாம். துணிந்து திருத்துக என்பதே அங்குள்ள கொள்கை. காரணம் யாதெனில், ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு வரலாறும் பாதுகாக்கப்படுகிறது. பிழையாய்ப் போனால் ஒரு சொடுக்கிலே பழைய நிலைக்குத் திருப்பலாம். மீட்க முடிவதாலேயே துணிவு அனுமதிக்கப்படுகிறது. ஆனால், பல கட்டுரைகளைத் தொடும் கொள்கை மாற்றமாயின், அதனைப் பேசுவதற்கென்று அங்கே ஒரு பொதுவிடம் உண்டு. அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் ஊர்களிலே வழக்குப் பேசிய மரத்தடி அழிந்தாலும் பெயர் அழியவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. தானியங்கி நிரலொன்றைக் கொண்டு ஆயிரம் கட்டுரைகளைத் திருத்த விரும்புவோனும் அங்கே முன்னனுமதி பெற வேண்டும். ஒரு கை செய்வதை ஒரு கை மீட்கலாம். இயந்திரம் செய்வதைக் கையால் மீட்பது எளிதன்று.

சிறியது என்பதனால் எதுவும் செய்யலாம் என்றும் கொள்ளற்க. ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாதத்தில் ‘ஹக்டோபர்ஃபெஸ்ட்’ என்றொரு நிகழ்ச்சி நடக்கிறது. குறித்த எண்ணிக்கையான திருத்தங்களை அனுப்புவோர்க்கு ஒரு மேற்சட்டை பரிசாகக் கிடைத்து வந்தது. 2020 ஆம் ஆண்டில் அச்சட்டைக்காகப் பலர் பயனற்ற சொற்களை ஒட்டி ஒட்டித் திருத்தம் என்று அனுப்பினர். பராமரிப்பாளர்கள் குப்பை வாரியே களைத்தனர். அந்த மாதத் தொடக்கத்திலேயே, விருப்பந் தெரிவித்த திட்டங்கள் மாத்திரமே இனிக் கணக்கில் வரும் என்று ஒழுங்கை மாற்ற வேண்டியதாயிற்று. ஒருவருடைய நேரமும் பொதுச் சொத்தே என்பதை அன்று பலர் மறந்தனர்.

நம் ஊரின் வரைபடம்

இப்போது நமக்கு மிக அண்மையிலுள்ள ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். மொரகஹகந்த – களுகங்கைத் திட்டத்தினால் நம் பிரதேசம் எவ்வளவு மாறிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். பழைய பல்லேகம நீரின் கீழாயிற்று. லக்கலப் புது நகரம் எழுந்தது. பாதைகள் மாறின, கடைகள் மாறின, அலுவலகங்கள் மாறின. வரைபடம் தானாக மாறுமா? எவராவது மாற்ற வேண்டும்.

2004 இல் இங்கிலாந்திலே தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் திறந்த வரைபடம், உலகத்தார் எல்லாரும் சேர்ந்து வரைவது. நிவாரணப் பணியாளர் முதல் வாகனம் ஓட்டுவோர் வரை பலர் அதை நம்பிச் செல்கின்றனர். நம் இளைஞர் அதிலே புதிய வீதியொன்றை வரைவதற்கு அனுமதி கேட்க வேண்டுமா? வேண்டா. நிலத்திலே உள்ளது எதுவோ அதுவே படத்திலும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள முதல் விதி. நேரிற் கண்டதை வரைவதற்கு ஊரவனைவிடத் தகுதியுடையோன் யார்? கணக்கொன்றைத் திறந்து, வரைந்து, செய்த மாற்றத்துக்கு ஒரு குறிப்பும் எழுதினாற் போதும்.

ஒவ்வோர் இடத்துக்கும் அப்படத்திலே சிங்களப் பெயருக்கும், தமிழ்ப் பெயருக்கும், ஆங்கிலப் பெயருக்கும் தனித்தனியே இடமுண்டு. பாடசாலைக்கோ, ஆற்றுக்கோ, கோயிலுக்கோ தமிழ்ப் பெயர் எழுதப்படாதிருந்தால் அதனை எழுத எவர் உத்தரவும் வேண்டா. வெற்றிடத்தை நிரப்புகிறீர், எவருடைய எழுத்தையும் அழிக்கவில்லை. ஆனால், முதன்மைப் பெயராக ஏற்கெனவே ஒருவர் எழுதியிருப்பதை மாற்ற நினைத்தால் நிற்க. அது பிறரொருவர் கருதிச் செய்தது. பலர் உணர்வுகளும் அதிலே கலந்துள்ளன. எழுதியவருக்கே ஒரு வார்த்தை எழுதிக் கேட்பது முதற்படி. இலங்கையின் வரைபடக்காரர் கூடும் பொதுவிடத்திலே பேசுவது இரண்டாம் படி. மாறி மாறி அழித்தெழுதுவது எந்தப் படியிலும் சேராது.

நீரில் மூழ்கிய பழைய வீதியை அழிக்கலாமா? இந்தக் கேள்வி பெரியவர்களின் மனத்தைத் தொடும் என்று அறிவேன். அங்கே வாழ்ந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக் கூடும். விதியின்படி, இன்று நிலத்தில் இல்லாதது படத்தில் இருத்தலாகாது. ஆயினும் அழித்தது அழிந்தே போவதில்லை. படத்தின் வரலாற்றிலே அது நிலைத்திருக்கும். மறைந்த ஊர்களை வரைவதற்கென்றே ‘ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப்’ என்னும் வேறொரு திறந்த வரைபடமும் உண்டு. அழிக்க உரிமையிருந்தாலும், அழிக்குமுன் அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் போய், எந்தச் சந்தி எங்கே இருந்தது, எந்த வயலுக்கு என்ன பெயர் என்று கேட்டு, அதனை அந்த வரலாற்றுப் படத்திலே எழுதிவிட்டுப் பின்பு இதிலே நீக்குவோமாயின் எவ்வளவு நன்றாயிருக்கும்! விதி இதனைக் கேட்கவில்லை. நம் பண்பு கேட்கிறது.

இனி, முன்னனுமதி கட்டாயமாகும் இடத்தைச் சொல்கிறேன். ஒரு திணைக்களத்திடமிருந்து மாவட்டத்துப் பாடசாலைகள் அனைத்தினதும் பட்டியல் கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அதனை ஒரே இரவில் வரைபடத்திலே கொட்டலாமா? கூடாது. அங்கே இரண்டு இசைவுகள் வேண்டும். முதலாவது, பட்டியலுக்கு உரியவரின் எழுத்து மூலமான இசைவு. இரண்டாவது, வரைபடச் சமூகத்தோடு முன்கூட்டியே கலந்துபேசிப் பெறும் இசைவு. மொத்தமாகச் சேர்ப்பதற்கும் இயந்திரத்தாற் திருத்துவதற்கும் அவ்வரைபடத்தார் தனி ஒழுங்கு வகுத்திருக்கின்றனர். அதைப் போலவே, கூகிள் வரைபடத்தைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொள்வதும் ஆகாது. அது வேறொருவர் பொருள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலே உள்ள எவராலும் அதற்கு அனுமதி தர முடியாது. அனுமதி தரும் உரிமை யாருக்கு உண்டு என்று அறிவதும் அனுமதி கேட்பதில் ஒரு பகுதியே.

இதற்கு மேலும் ஒரு சான்று உண்டு. அந்த வரைபடம் 2012 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 இல் புதிய உரிமத்திற்கு மாறிற்று. அதன் முன்பு, வரைந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்கப்பட்டது. இசையாதோருடையதும் விடையளியாதோருடையதுமான பகுதிகள் படத்திலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பான்மையினர் சம்மதித்து விட்டனரே, மற்றவர் உழைப்பையும் எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் செய்யவில்லை. சில இடங்களிலே படம் வெறுமையாயிற்று, மீண்டும் வரைந்தனர். உரிமத்தை மாற்றுவதென்பது ஒவ்வொரு உழைப்பாளியின் உடைமையையும் தொடுவதாதலால் அங்கே மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள இடமில்லை.

கேட்டும் கேளாதது போலானது

கேட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வேன். டெபியன் என்பது லினக்ஸ் வகையைச் சேர்ந்த புகழ்பெற்ற இயங்குதளம். இணையத்திலே இரகசியம் காக்கும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் மென்பொருளும் அதனோடு வழங்கப்படுகிறது. 2006 இல் அதனைப் பராமரித்த டெபியன் தொண்டர், சோதனைக் கருவியொன்று குறை சொன்ன இரண்டு வரிகளை நீக்க எண்ணினார். அவர் கேளாமற் செய்யவில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். சார்ந்த அஞ்சற் குழுவொன்றிலே கேட்டார். சோதனைக்கு உதவுமாயின் நீக்கலாம் என்ற கருத்தில் ஆதரவான விடையும் வந்தது. அவர் நீக்கினார்.

நீக்கிய வரிகளுள் ஒன்று, திறவுகோலை எவரும் ஊகிக்க முடியாதபடி ஆக்கும் எதேச்சைத் தன்மையைச் சேர்க்கும் வரியாயிருந்தது. அது போனபின், ஒரு வகைக் கணினியில் ஒரே அளவினதாய் உருவாக்கத்தக்க திறவுகோல்கள் 32,768 என்னும் தொகைக்குள் அடங்கிவிட்டன. கோடானு கோடியாய் இருக்க வேண்டியவை இவ்வளவே. திருடன் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தாலும் சிறிது நேரத்திற் கதவு திறந்துவிடும். டெபியனிலும் அதன்வழி வந்த உபுண்டுவிலும் இக்குறை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் எவர் கண்ணுக்கும் படாதிருந்து, 2008 மே 13 ஆம் திகதி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எத்தனையோ சேவைக்கணினிகளின் திறவுகோல்களை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாய் ஆக்க நேர்ந்தது.

அந்தத் தொண்டர் தீயவரல்லர், சோம்பேறியுமல்லர். அவர் கேட்டார். ஆனால் கேட்ட இடம், மூலத்தை ஆக்கியோர் அனைவரும் கவனிக்கும் இடமன்று என்று பின்னர் சொல்லப்பட்டது. கேட்ட கேள்வியும், இம்மாற்றம் பல்லாயிரம் கணினிகளுக்குச் செல்லப் போகிறது என்பதைத் தெளிவாய்க் காட்டவில்லை. மாற்றத்தின் முழுவடிவம் மூலத்தாரின் பரிசீலனைக்கு அனுப்பப்படவும் இல்லை. விடை சொன்னவர்களும் தீர விசாரியாது சொன்னார்கள். ஆக, கேட்பதிலே மூன்று கடமைகள் உண்டு என்று அறிகிறோம். உரியவரிடம் கேட்டல், முழுவதையும் காட்டிக் கேட்டல், எங்கே பயன்படும் என்று சொல்லிக் கேட்டல். இவை மூன்றும் இல்லாத அனுமதி, இருந்தும் இல்லாததே.

இதற்கு நேர் எதிரானதும் நடந்தது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், லினக்ஸ் பராமரிப்பாளர்கள் விழிப்பாயிருக்கிறார்களா என்று ஆராய்வதற்காக, வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை அனுப்பிப் பார்த்தனர். ஆராயப்படுவோர்க்கு அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் இது பெரும் பிரச்சினையாயிற்று. லினக்ஸின் மூத்த பராமரிப்பாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன், அப்பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்கள் எதனையும் ஏற்பதில்லை என்று அறிவித்தார். ஏற்கெனவே ஏற்றவற்றையும் மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. ஆய்வாளர் மன்னிப்புக் கேட்டு, தம் கட்டுரையையும் மீட்டுக்கொண்டனர். குற்றமற்ற மாணவரின் உழைப்பும் அந்தத் தடைக்குள் அகப்பட்டது. மாணவர்களாகிய நாம் இதனை மறத்தலாகாது. நாம் ஒருவர் செய்வது நம் பெயரோடு நிற்பதில்லை. படிக்கும் நிலையத்தின் பெயரையும், பின்னால் வரும் தம்பி தங்கையரின் பெயரையும் தொடும்.

இலங்கையர் கண்ட வழி

நம் நாட்டவர் இத்துறையிலே பின்தங்கியவர் அல்லர். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்காக, இலங்கைத் தொண்டர்கள் ‘சஹன’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். ‘சஹன’ என்பது நிவாரணத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். பின்பு 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006 ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. பாகிஸ்தானில் அதனைப் பயன்படுத்த உரிமத்தின்படி எவர் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஆபத்துக் காலத்திலே அனுமதிப் பத்திரத்துக்கு அலையாதிருப்பதே அந்த உரிமத்தின் அருமை.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் ‘அக்சிஸ் 2’ போன்ற திட்டங்களில் இலங்கையர் பலர் முன்னின்று உழைத்தனர். கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், மிகுதியான மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. இவர்கள் பழகிய அப்பாச்சி ஒழுங்கு, நம் சங்கங்களும் கற்றுக்கொள்ளத் தக்கது.

அங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, செய்துவிட்டுப் பின் மற்றவர் பார்வைக்கு விடுதல். மற்றது, மற்றவர் பார்த்தபின்பே சேர்த்தல். நம்பிக்கை பெற்றவர் அன்றாட வேலைக்கு முதல் முறையைக் கைக்கொள்வர். நுண்ணிய இடங்களுக்கும் வெளியீடு நெருங்கும் காலத்திற்கும் இரண்டாவது முறை. ஒருவர் தம் எண்ணத்தை எழுதி வைத்து, எதிர்ப்பு வராவிட்டால் இன்ன நாளிற் செய்வேன் என்றும் அறிவிக்கலாம். வழக்கமாக எழுபத்திரண்டு மணித்தியாலம் காத்திருப்பர். உலகின் ஒரு பக்கத்தில் இரவாகும்போது மறுபக்கத்தில் பகலாதலின், அனைவரும் ஒருமுறையாவது பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும். மாற்றமொன்றை எதிர்ப்பவர் ‘கழித்தல் ஒன்று’ என்று வாக்களித்து அதனைத் தடுக்கலாம். ஆனால் தொழினுட்பக் காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். காரணமற்ற தடை செல்லாது. “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது காரணமாகாது. எத்துணை நல்ல ஒழுங்கு!

மௌனம் சம்மதமாவது எப்பொழுது என்பதும் இதனால் விளங்கும். முன்கூட்டி அறிவித்து, போதிய காலம் காத்து, மீட்கக்கூடிய காரியமாயும் இருந்தால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம். மீட்க முடியாததற்கும், பிறர் உரிமையைத் தொடுவதற்கும் மௌனம் ஒருபோதும் சம்மதமாகாது.

கேட்கும் முறை

இளைஞர்களே! இவற்றையெல்லாம் தொகுத்து நான்கு கேள்விகளாய்ச் சொல்கிறேன். ஒரு மாற்றத்தைத் தொடங்குமுன் உம்மையே கேட்டுக்கொள்ளும். இது என் படியிலா, பொதுப்படியிலா? பிழைத்தால் எளிதில் மீட்கலாமா? வேறொருவர் கருதிச் செய்த முடிவை இது மாற்றுகிறதா? பெருந்தொகையாகவோ இயந்திரத்தாலோ செய்கிறேனா? உம் படியிலே எனில் தயங்காதீர். பொதுப்படியிலே, சிறியதாய், மீட்கத்தக்கதாய் எனில் செய்து காட்டும். பிறர் முடிவை மாற்றுவதோ, பெருந்தொகையானதோ, மீட்பதற்கரியதோ எனில் ஒரு வரியும் எழுதுமுன் கேளும். ஒரு மாதம் உழைத்தபின் “இது எமக்கு வேண்டா” என்ற விடை வருமாயின் நட்டம் உமக்கே.

பாதுகாப்புக் குறையொன்றைக் கண்டீராயின் சபையிலே கூவாதீர். பராமரிப்போருக்குத் தனிப்படச் சொல்லி, அவர்கள் அடைக்க அவகாசம் கொடும். பூட்டுப் பழுதென்று அயல்வீட்டாருக்குச் சொல்வோமே தவிர, தெருவில் நின்று முரசறைவதில்லை.

கேட்கும்போது, முன்பு எவராவது இதைக் கேட்டிருக்கிறார்களா என்று பாரும். திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியை வாசியும். என்ன குறை, என்ன மாற்றம், யாருக்கு நன்மை என்பதைச் சுருங்கச் சொல்லும். மறுத்தால் மனந் தளராதீர். உரிமம் உமக்குத் தந்த பெரும் உரிமை ஒன்றுண்டு: தனியே கிளைபிரித்து உம் வழியில் நடத்தலாம். ஆனால் குடும்பம் பிரிப்பதுபோல் அது இறுதி வழி. முதற் கோபத்திலே எடுக்கும் வழியன்று.

தமிழராகிய நமக்கு இது புதிதுமன்று. மிஷன் பாடசாலையிற் பயின்றவன் என்ற முறையில், வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர்கள் கைக்கு வந்தவை செல்லரித்த ஏடுகள். மூலத்தை ஆக்கிய புலவரிடம் போய் அனுமதி கேட்க வழியில்லை. அந்நிலையிலே சாமிநாதையர், ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களையும் வாசகர் காணக் குறித்துக் காட்டினார். பின்வருவோர் தாமே ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்று வழியைத் திறந்து வைத்தார். கேட்க ஆளில்லாத இடத்தில் செய்ததை மறையாமற் காட்டுவதே கேட்பதற்கு ஈடாகும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே, கேட்கும் கடமை இளையவருக்கு உண்டெனில், விடை சொல்லும் கடமை மூத்தவருக்கு உண்டு. கேட்டவன் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தால் அடுத்த முறை கேளாமலே செய்வான். அல்லது ஒன்றும் செய்யாமலே போவான். எவையெவற்றுக்குக் கேட்க வேண்டாம் என்று முன்னரே எழுதி வைப்பது நல்ல நிருவாகத்தின் இலக்கணம்.

பொறுப்பு முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவதும் ஆபத்து. ‘எக்ஸ்.இஸட்.’ என்னும் சிறு மென்பொருளைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்தார். அவர் களைத்திருந்தார். உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கையும் அனுமதியும் பெற்று, முடிவில் கள்ளக் கதவொன்றை உள்ளே வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதிக்கிறதே என்று ஐயுற்ற அந்திரேஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், 2024 மார்ச் 29 இல் அதனை வெளிப்படுத்தினார். அனுமதி ஒழுங்காகவே பெறப்பட்டது. பெற்றவனின் உள்ளமே கோணல். தனியொருவர் களைத்துப் போகும்வரை மற்றோர் பார்த்திருந்தமையே அவனுக்கு வழிவிட்டது. நம் மன்றத்திலும் ஒரே செயலாளர் எல்லாவற்றையும் சுமக்க நாம் பார்த்திருக்கலாகாது.

சபையோரே! கேளாமற் செய்யத் தக்கதைத் துணிந்து செய்வதற்கும், கேட்டுச் செய்யத் தக்கதைப் பொறுத்துக் கேட்பதற்கும் வேண்டுவது ஒன்றே. அது, பிறருடைய உழைப்பை நம் உழைப்பைப் போல் மதிக்கும் மனம். அம்மனத்தோடு நம் இளைஞர் முதலிற் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. நம் பிரதேசத்தின் புதிய பாதைகளையும், அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் திறந்த வரைபடத்திலே எழுதுவோம். பழைய பல்லேகமவின் பெயர்களைப் பெரியவர்களைக் கேட்டு வரலாற்றுப் படத்திலே பதிவோம். முதலாவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. இரண்டாவதற்கு உங்கள் நினைவும் நல்லாசியும் வேண்டும். அவற்றைத் தந்தருளுமாறு வேண்டுகிறேன்.